ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி விற்பனைக்கு ஆகாத சரக்கு. எங்கள் பிரஸ்ஸில் அடித்ததுதான். ஜூலை 16 இரண்டு பக்கத்தில் விழுந்து 17 காணாமல் போனதால் அந்த லாட் முழுவதும் மூலையில் கிடந்தது, ஒன்றை எடுத்து வந்தேன்.

பதினொரு மணிக்குக் கனி போன் செய்தாள். செல்வக்கனி, என் தங்கை. திருமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றேகால் வருடமாக வாரத்துக்கு இரண்டு நாள் மதுரையில் டயாலிசிஸ். என்னைச் சோதித்துப் பார்த்ததில் என்னுடையது பொருந்துகிறது என்று போன வாரம் ரிப்போர்ட் வந்துவிட்டது. கொடுக்கிறேன் அல்லது இல்லை என்று ஏதாவது ஒன்றை நான் எழுதி ஜூலை கடைசிக்குள் ஆஸ்பத்திரியில் தரவேண்டும்.

"லெட்டர் எழுதுறப்ப மேல ஃபைல் நம்பர் போடணுமாம்ணே. குறிச்சுக்கோ. ஏழு, மூணு, ஒன்பது, மூணு, ஒன்பது, ஒண்ணு, ரெண்டு மூணு."

"கடைசில ரெண்டு மூணா?"

"ஆமா, ரெண்டு மூணு."

திருப்பிக் கேட்காமல் நான் எந்த எண்ணையும் எழுதுவதில்லை. பத்தொன்பது வருடமாக நம்பரிங் பிரிவில் சூப்பர்வைசர். சிவகாசியில் பில் புத்தகம், டோக்கன் புத்தகம் என்று எங்கள் பிரஸ்ஸில் எது அடித்தாலும் அதிலுள்ள சிவப்பு எண் என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். 73939133 என்று எழுதிக்கொண்டேன். நீ தருவாயா என்று அவள் கேட்கவில்லை. "சாப்டியா?" என்று கேட்டாள், வைத்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பி.எஸ்ஸி. கணிதம், அந்தப் பைத்தியம் இன்னும் முழுசாக விடவில்லை. முதல் இலக்கம் 7. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண். 73? அதுவும் பகா எண். 739? அதுவும். 7393-ஐ டிபன் பாக்ஸ் மூடிமேல் தாளை வைத்து வகுத்தேன், அதுவும் பகவில்லை. வால் நீள நீளப் பகாமலே போகிறது. அட, இதென்ன கூத்து!

ஜூன் 4, செவ்வாய்

என் மனைவி அமுதவள்ளி, அம்மன் கோவிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு பொட்டலம், ஒன்றில் சிவப்பு அரளி, ஒன்றில் வெள்ளை. சன்னதியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. சிவப்பு வந்தால் நான் கனிக்குக் கொடுக்கலாம், வெள்ளை வந்தால் கூடாது.

"வெள்ளைதாங்க வந்துச்சு," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் ரசத்துக்குத் தாளித்தாள்.

படித்தவன் பூவை நம்பி முடிவெடுக்க முடியுமா? எனக்கு வகுத்தலில் நம்பிக்கை. அந்த முழு எண், ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று, பகுமா பகாதா என்று பார்த்துவிடுவது. பகுந்தால் என்னிடம் இருக்கும் இரண்டில் ஒன்றைப் பகிர்ந்து கொடுக்கிறேன். பகாத எண் என்றால் நான் என்ன செய்ய முடியும்? பகாதது பகாததுதான்.

கையால் மட்டும் வகுக்கவேண்டும். கால்குலேட்டர், போன் கூடாது. பூக்கட்டுகிறவன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டா போடுவான்?

ஜூன் 9, ஞாயிறு

இதன் வர்க்கமூலம் 8598-ஐத் தாண்டி 8599-ஐ எட்டாமல் நிற்கிறது. ஆகவே 8598 வரைக்கும் உள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். அவை ஆயிரத்துச் சொச்சம் இருக்கின்றன. நாளுக்கு முப்பது என்று கணக்கு. காலையில் பிரஸ்ஸுக்குப் போகுமுன் இருபது, மதியம் பத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே மீதியை எழுதி வருகிறேன். 7-க்கு மீதி 2. 13-க்கு 8. 31-க்கு 10. ஜூலை கடைசிக்கு நிறைய நாள் இருக்கிறது.

இன்று குழாய்த் தண்ணீர் வரும் நாள். வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, அதுவும் முக்கால் மணி நேரம். ஏழு டிரம்மும் நிரப்பி முடித்தபோது இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு கிட்னி இல்லாதவன் தண்ணீர்க் குடம் தூக்கலாமா என்று ரிப்போர்ட்டில் எங்கும் எழுதவில்லை. டாக்டர் மூன்று மாதத்தில் எல்லாம் தூக்கலாம் என்றார். அவர் வீட்டுக்கு லாரியில் வருகிறதோ என்னவோ.

ஊசிக்கெல்லாம் எனக்குப் பயமில்லை. அன்றைக்குச் சோதனையில் பதினொரு குழாய் ரத்தம் எடுத்தபோது மயங்கியது காலையில் சாப்பிடாததால்.

ஜூன் 17, திங்கள்

2417-ஆல் வகுத்தேன். மீதி பூஜ்யம் வந்தது.

பேனாவை வைத்துவிட்டேன். அமுதவள்ளி இட்லி எடுத்து வைத்து இரண்டு முறை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பிறகு மறுபடி வகுத்தேன். ஈவு 30591, மீதி 686. நடுவில் ஓரிடத்தில் கடன் வாங்க மறந்திருக்கிறேன். மூன்றாவது முறையும் போட்டேன், 686-தான். எட்டு இட்லி சாப்பிட்டேன்.

சந்தேகம் வந்தால் மூன்று முறை பார்ப்பது தொழில் தர்மம். மற்ற மீதிகளை அப்படி மூன்று முறை பார்த்தேனா என்றால், அவற்றில் சந்தேகம் வரவில்லை.

ஜூன் 21, வெள்ளி

மாப்பிள்ளை பிரஸ் வாசலுக்கு வந்திருந்தார். கனியின் வீட்டுக்காரர், அருஞ்சுனை. ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். ஒரு கிலோ பால்கோவாப் பொட்டலத்தை நீட்டினார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு சவாரி வந்தேன் மச்சான். அப்படியே உங்களையும் பாத்துட்டுப் போலாம்னு."

"கனி எப்படி இருக்கு மாப்ள?"

"இருக்கா. தண்ணி ஒரு நாளைக்கு முக்கா லிட்டர்தான் குடிக்கலாம். வெயில் வேற. வாயில ஐஸ் துண்டை வச்சுக்கிட்டுக் கெடக்கா."

டீ வாங்கிக் கொடுத்தேன். இந்த வருஷம் மழை எப்படி, டீசல் என்ன விலை, எங்கள் காலண்டர் ஆர்டர் எப்படி என்று எல்லாம் கேட்டார். கேட்கவேண்டிய ஒன்றைத் தவிர. அவர் வாயைத் திறந்து கேட்டிருந்தால் எனக்கும் ஏதாவது சொல்ல வந்திருக்கும். டம்ளரை வைத்துவிட்டு, "வரட்டுமா மச்சான்," என்று போய்விட்டார். பாக்கி பத்து வகுத்தல் இன்று ஓடவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

தண்ணீர் வரவில்லை. 4500-ஐத் தாண்டியாயிற்று. பகவில்லை.

ஜூலை 6, சனி

அமுதவள்ளி டைரியைப் படித்துவிட்டாள். அதற்குச் சண்டை.

"இதென்னங்க நோட்டு நோட்டா வகுத்தல்? பையன் கோயமுத்தூர்ல இஞ்சினீரிங் படிக்கிறான், அவன்ட்ட சொன்னா கம்ப்யூட்டர்ல ஒரு நொடியில சொல்லிருவான்ல?"

"ஒரு நொடியில தெரிஞ்சு என்ன செய்ய?"

"அப்ப நாப்பது நாள் கழிச்சுத் தெரிஞ்சு என்ன செய்யப்போறீங்க?"

சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து திரும்பினேன். உட்கார முடியவில்லை. நின்றால் நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் வகுக்கத் தோன்றுகிறது. பிரஸ்ஸில் நேற்று நம்பரிங் மெஷினில் ஒரு சக்கரம் சிக்கி முந்நூறு டோக்கனில் ஒரே எண் விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் இது முதல் தடவை. முதலாளி தங்கச்சிக்கு எப்படி இருக்கு என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 8, திங்கள்

கனிக்கு நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை போனில் சொன்னார். "ஒண்ணும் பதறாதீங்க மச்சான்," என்றார், அவர் குரல்தான் பதறியது.

போய்ப் பார்க்கவேண்டும். இன்னும் இருநூறுக்குக் குறையாமல் பாக்கி இருக்கிறது. முடிவில்லாமல் போய் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஜூலை 11, வியாழன்

ஆரம்பத்தில் போட்ட இருநூறு வகுத்தலைத் திரும்பச் சரிபார்க்கிறேன். அவசரத்தில் தப்பு நேர்ந்துவிடக்கூடாது.

ஜூலை 16, செவ்வாய்

சரிபார்த்தாயிற்று. எல்லாம் சரியாகவே இருக்கின்றன.

ஜூலை 16, புதன்

இன்று 17. டைரி 16 என்கிறது. கனிக்கு இன்று கூடுதலாக ஒரு டயாலிசிஸ்.

ஜூலை 19, வெள்ளி

முடிந்தது. கடைசிப் பகா எண் 8597. ஈவு 8600, மீதி 4933. பகாது. 73939133 பகா எண்.

வாலை ஒவ்வொன்றாக வெட்டியும் பார்த்துவிட்டேன். 7393913 பகா எண். 739391 பகா எண். 73939 பகா எண். வெட்ட வெட்டக் கடைசி 7 வரைக்கும் ஒன்றுகூடப் பகவில்லை. கோடியில் ஒரு எண் இப்படி அமையுமா? அது கனியின் ஃபைலுக்கு வந்து விழுந்திருக்கிறது என்றால் அதற்கு ஒரு அர்த்தம் இல்லாமலா இருக்கும்? பகாதே, பகாதே என்று எட்டு முறை சொல்கிறது.

கடிதம் எழுதினேன். நாலே வரி. உடல்நிலையும் குடும்பச் சூழ்நிலையும் இடம் கொடுக்கவில்லை என்று. மேலே எண்ணை அழகாக எழுதினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்று வயிறு பசித்தது.

ஜூலை 20, சனி

மதுரை போனேன். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே மாற்றி எழுதிவிடுவேன்.

கடிதத்தை நேராகக் கவுண்டரில் கொடுத்துவிட்டு, கனியை அப்புறம் பார்ப்பதாக யோசனை. அங்கே இருந்த அம்மாளுக்குப் பெயர் ஹெலன். அவர் மேலே இருந்த எண்ணை மட்டும் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினார்.

"சார், இந்த நம்பர்ல இருக்கிறது மேலூர்க்காரப் பெரியவர். கண் ஆபரேஷனுக்கு வந்தவர். உங்க பேஷன்ட் பேர் என்ன?"

"செல்வக்கனி, திருமங்கலம்."

"அவங்க நம்பர் கடைசியில முப்பத்து மூணு இல்ல சார், இருபத்து மூணு. 73939123. திருத்திக் குடுங்க, ஒண்ணும் அவசரமில்ல." கடிதத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் பிரஸ்ஸில் ஒரே இலக்கம் அடுத்தடுத்து வந்தால் சத்தமாக வாசிக்கிறவன் "ரெண்டு ஏழு", "மூணு சைபர்" என்றுதான் சொல்வான். எழுதுகிறவன் 77 என்றும் 000 என்றும் எழுதிக்கொள்வான். கனி ரெண்டு, மூணு என்று இரண்டு இலக்கத்தைச் சொல்லியிருக்கிறாள். நான் இரண்டு மூன்றுகளை எழுதியிருக்கிறேன். திருப்பிக் கேட்டபோதும் நான் அதையே கேட்டேன், அவளும் அதையே சொன்னாள்.

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தின் பின்பக்கத்தில் வகுக்க ஆரம்பித்தேன். 7 இல்லை, 11 இல்லை, 13 இல்லை, 17, 19, 23, 29 எதுவும் இல்லை. 31-க்கு ஈவு 2385133. மீதி பூஜ்யம். இரண்டாம் முறையும் பூஜ்யம். பதினோராவது பகா எண்ணிலேயே பகுந்துவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டைரியில் 31-க்கு எதிரே மீதி 10 என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. முப்பத்து மூன்றுக்கும் இருபத்து மூன்றுக்கும் வித்தியாசம் பத்துதானே.

அப்புறம் நான் யோசித்ததையும் எழுதவேண்டும். நான் வைத்துக்கொண்ட கணக்கு டைரியில் இருந்த எண்ணைப் பற்றியது, ஃபைலில் இருக்கும் எண்ணைப் பற்றியது அல்ல. ஆகவே முதல் முடிவுதான் செல்லும் என்று எனக்குள் வாதாடினேன். வக்கீல்கூட அப்படி வாதாட மாட்டான். சீ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது. வாதாடிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"எப்ப வந்தீங்க மச்சான்? கனி உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

கனி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கால் இரண்டும் வீங்கி, கொலுசைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

"கையில என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. லெட்டர்."

"குடு."

மறைத்திருக்கலாம். கை தானாக நீண்டுவிட்டது. நாலு வரியையும் படித்தாள். அவள் முகம் மாறவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு தாளைத் திருப்பினாள்.

"இது என்ன வகுத்தல்?"

சொன்னேன். எல்லாவற்றையும். ரெண்டு மூணு கதையைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலானது. மாப்பிள்ளை முதுகைத் தடவிக் கொடுத்தார். இருமி முடித்தபோது சிரிப்பு போயிருந்தது.

"நாப்பத்தஞ்சு நாளு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தியா? அந்த நாப்பத்தஞ்சு நாள்ல எனக்குப் பதினாலு டயாலிசிஸ்ணே. போன் அடிச்சா உன் நம்பரான்னு பாப்பேன். நீ எங்க, ஏழால வகுத்துக்கிட்டு இருந்திருக்க!"

"பயமா இருக்கு கனி," என்றேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த டைரியிலும் எழுதவில்லை. வயிற்றைக் கிழிப்பார்களே என்ற பயம். எழுந்திருக்காமலே போய்விடுவேனோ என்ற பயம். அத்தனை பேர் நடமாடுகிற வார்டில் தங்கச்சி கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"பயமா இருக்குன்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? எனக்கு மட்டும் இல்லையா?" என்றாள். மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "நானும் இவரும் உன்ட்ட கேக்கவே கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம். கேட்டா நீ மாட்டேன்னு சொல்லமாட்ட, பாவம்னு. அது தப்புண்ணே. இப்பக் கேக்கறேன். எனக்குச் சாக இஷ்டமில்ல. எனக்கு வேணும். குடு."

"சரி," என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். கனி கடிதத்தை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"இது என்ட்டயே இருக்கட்டும். மதினிட்ட நீயே சொல்லு, நான் சொன்னா நல்லாருக்காது."

ஜூலை 21, ஞாயிறு

அமுதவள்ளியிடம் சொன்னேன். கையிலிருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"பூ வெள்ளைன்னு வந்துச்சேன்னு சொல்லப்போற."

முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். அரிசியில் கல் பொறுக்குவதுபோல இருந்தாள். அதில் கல்லே இல்லை.

"ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளையத்தான் வச்சேன்," என்றாள். "அம்மன் மூஞ்சில முழிக்க முடியாம அதுக்கப்புறம் கோவிலுக்கே போகல."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, யாரும் பிடிக்கவில்லை.

"மனைவி கையெழுத்தும் வேணும்பாங்கள்ல? போடுறேன். எனக்கு இஷ்டம்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க தங்கச்சிய நான் சும்மா விடமாட்டேன்." பிறகு எழுந்து டிரம்மை உருட்டிக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 7, புதன்

இன்று ஆஸ்பத்திரிக் கமிட்டியின் விசாரணை. உறுப்பு கொடுப்பவன் சொந்த விருப்பத்தில்தான் கொடுக்கிறானா என்று பார்ப்பதற்காம். ஒரு மேஜைக்குப் பின்னால் நாலு பேர், பக்கத்தில் ஒரு வீடியோ கேமரா. அமுதவள்ளி நீலப் புடவையில் என் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். சம்மதமா என்று கேட்டதற்கு, "கையெழுத்துப் போட்டிருக்கேன்ல சார்," என்றாள்.

வயது, வேலை, தங்கையுடன் எத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தேன் என்றெல்லாம் என்னைக் கேட்டார்கள். எழுதுகிறவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே அடுத்ததைக் கேட்டார்.

"உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா?"

"இல்லைங்க. கேட்டாங்க."

தலையைத் தூக்கினார். "கேட்டாங்கன்னா?"

"எனக்கு வேணும், குடுன்னு என் தங்கச்சி கேட்டா. அதுவரைக்கும் யாருமே கேக்கலைங்க."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் பேனாவைக் கொஞ்சநேரம் தூக்கிப் பிடித்திருந்துவிட்டு, 'வற்புறுத்தல் இல்லை' என்று எழுதினார். திங்கட்கிழமை ஆபரேஷன். ஞாயிறு சாயங்காலமே வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பயம் அப்படியே இருக்கிறது.